குளச்சலுக்கு ஒரு சகோதர ஊர்: நகராட்சி மன்றத்துக்கு ஒரு தபால்காரனின் திறந்த மடல்

குளச்சல் நகராட்சித் தலைவர் அவர்களுக்கும் மன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

முப்பது வருஷத்துக்கு மேல் இந்த ஊரில் தபால் கொடுத்தவன் நான். உங்களில் பாதிப் பேருடைய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறேன். யார் வீட்டுக்கு எந்த நாட்டிலிருந்து கடிதம் வரும் என்பது எனக்கு மனப்பாடம். ஒரு காலத்தில் கொழும்பு முத்திரை. அப்புறம் பஹ்ரைன், தம்மாம், குவைத். கடைசிக் காலத்தில் ஈரானின் கீஷ் தீவுகூட வந்தது. கைபேசி வந்த பிறகு கடிதம் நின்றது, போக்குவரத்து நிற்கவில்லை. ஆகவே வெளிநாட்டு ஊரோடு சொந்தம் வைத்துக்கொள்வது குளச்சலுக்குப் புதிது இல்லை. அதை முறைப்படி ஒரு தீர்மானமாகப் போட்டால் என்ன என்ற பேச்சு இப்போது டீக்கடை வரை வந்திருப்பதால் இதை எழுதுகிறேன்.

சகோதர நகரம் என்றதும் எல்லோர் வாயிலும் முதலில் வருவது ஹாலந்துதான். 1741 ஆகஸ்ட் 10-ஆம் தேதி மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் டச்சுக் கம்பெனிப் படை தோற்றது நம் கரையில். பிடிபட்ட டச்சுக்காரர் டி லனாய் அதே மன்னரிடம் சேவகத்துக்குச் சேர்ந்து, படையைப் பழக்கி, 1777-ல் இறந்து, உதயகிரிக் கோட்டைக்குள் புதைக்கப்பட்டார். கடற்கரையில் வெற்றித்தூண் நிற்கிறது. டச்சு ஊர் ஒன்றோடு கைகோத்தால் சுற்றுலாக்காரர்கள் வருவார்கள், பெயரும் கிடைக்கும் என்கிறார்கள்.

எனக்கு இதில் பகை ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு கேள்வி உண்டு. மாலை போட்டு, படம் எடுத்து, பாயசம் குடித்து முடிந்த மறுநாள் காலையில் அவர்களும் நாமும் என்ன பேசிக்கொள்வோம்? இருநூற்று எண்பது வருஷத்துக்கு முந்தைய சண்டையைத் தவிர நமக்குள் பொதுவாக என்ன இருக்கிறது?

என் யோசனை வேறு. இந்தோனேசியாவில் சுமத்ரா தீவின் வடக்கு முனையில் இருக்கிற பண்டா ஆச்சே.

பெயரைக் கேட்டதும் முகம் சுளிக்க வேண்டாம். உலகப் படத்தை எடுத்து ஒரு நூலை வைத்து அளந்து பாருங்கள். குளச்சலிலிருந்து டெல்லி எவ்வளவு தூரமோ அதைவிடப் பண்டா ஆச்சே பக்கம். நேர்கோட்டில் ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர். நடுவில் இலங்கையைத் தவிர மற்றதெல்லாம் கடல். அந்தக் கடல்தான் 2004 டிசம்பர் 26 அன்று இரண்டு ஊரையும் ஒரே நாளில் அடித்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நம் நேரப்படி காலை ஆறரைக்குச் சற்று முன்பு சுமத்ராவின் மேற்குக் கடலடியில் 9.1 அளவில் பூமி குலுங்கியது. ஆச்சே கரையில் அரை மணி நேரத்துக்குள் அலை ஏறிவிட்டது. நம்மை அடைய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கிறிஸ்துமஸுக்கு அடுத்த நாள், பூசை முடிந்த நேரம், பிள்ளைகள் புதுத்துணியோடு கடற்கரையில். மேற்கொண்டு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று நம் மாவட்டத்தில் மட்டும் 800-க்கு மேற்பட்டவர்கள் போனார்கள். இந்தோனேசியாவில் இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் ஒன்றரை லட்சத்தைத் தாண்டும்.

அடுத்த வாரம் நான் வேலைக்குப் போனபோது பையில் வளைகுடாவிலிருந்து தாமதமாக வந்த கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகள் இருந்தன. சில விலாசங்களில் வீடு இல்லை. சில விலாசங்களில் ஆளே இல்லை. பெறுநர் இறந்துவிட்டார் என்று எழுதித் திருப்பி அனுப்புவதுதான் விதி. ஓர் அட்டையை மட்டும் அப்படி அனுப்ப முடியவில்லை, ஏனென்றால் அனுப்பியவர் அதற்குள் விமானம் பிடித்து வந்து நிவாரண முகாமில் உட்கார்ந்திருந்தார். அவர் எழுதியதை அவர் கையிலேயே கொடுத்தேன். வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதே வாரம் பண்டா ஆச்சேயிலும் ஒரு தபால்காரன் இப்படி அலைந்திருப்பான் என்று பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தோன்றியது.

அன்றைக்கே அந்த ஊரோடு நமக்குத் தொடர்பு இருந்திருந்தால் ஒரு போன் வந்திருக்குமே என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அங்கே போனை எடுக்கவே ஆள் மிஞ்சவில்லை. எச்சரிக்கை கொடுக்க 2007-லிருந்து ஐதராபாத்தில் ஒரு மையம் இயங்குகிறது, அந்த வேலையை அவர்கள் பார்ப்பார்கள். நான் பேசுவது அதற்குப் பிந்தைய காரியத்தை. அதாவது நினைவு வைத்திருப்பதை.

ஆச்சேக்கு மேற்கே சிமெலூ என்று ஒரு தீவு இருக்கிறது. 1907-ல் அங்கே ஒரு பேரலை வந்து ஏராளமானோர் இறந்தார்கள். மிஞ்சியவர்கள் அதைப் பாட்டாகக் கட்டிப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தார்கள். அவர்கள் மொழியில் அலைக்குப் பெயர் 'ஸ்மோங்'. பூமி பலமாகக் குலுங்கி, கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு, அவ்வளவுதான் பாட்டின் விஷயம். 2004-ல் நிலநடுக்கம் நடந்த இடத்துக்கு மிக அருகில் இருந்த அந்தத் தீவில் சுமார் 78,000 பேர் இருந்தார்கள். இறந்தவர்கள் 7 பேர்.

நம் கரையிலும் கடல் உள்வாங்கியது என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். நம்மிடம் அப்படி ஒரு பாட்டு இல்லை. சுனாமிக்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் இன்று கல்லூரியில் படிக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேருக்கு அது டிசம்பர் 26-ல் மெழுகுவர்த்தி கொளுத்துகிற ஒரு நாள், அவ்வளவே.

ஆச்சே மீனவர்கள் அந்த நாளை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் உங்களுக்குப் பிடிக்கும். அங்கே 'பங்லிமா லாவோட்' என்று ஓர் அமைப்பு சுல்தான் காலத்திலிருந்து இருக்கிறது. கடல் தலைவர் என்று பொருள் சொல்லலாம். வலைத் தகராறு, பங்குத் தகராறு, யார் எந்த நாளில் கடலுக்குப் போகக் கூடாது எல்லாம் அவர்தான் முடிவு செய்வார். வெள்ளிக்கிழமை கடலுக்குப் போகக் கூடாது. டிசம்பர் 26-லும் போகக் கூடாது என்று சுனாமிக்குப் பிறகு சேர்த்துக்கொண்டார்கள். மீறினால் தண்டம். நம் ஊரில் ஞாயிற்றுக்கிழமை வள்ளம் இறக்காத வழக்கத்தையும், ஊர்க் கமிட்டி சொன்னால் கேட்டுக்கொள்கிற வழக்கத்தையும் நினைத்துப் பாருங்கள். நம் கமிட்டிக்காரர்களையும் அவர்களுடைய லாவோட்காரரையும் ஒரு மேசையில் உட்கார வைத்தால் மொழி தெரியாமலே ஒருமணி நேரம் சண்டை போடுவார்கள் என்று எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

ஹாலந்துக் கட்சிக்காரர்களுக்கும் ஒரு செய்தி. ஆச்சேயும் டச்சுக்காரனோடு மோதிய ஊர்தான். 1873-ல் படையெடுத்து வந்த டச்சுத் தளபதியைப் பைத்துர்ரஹ்மான் பள்ளிவாசல் முற்றத்தில் சுட்டு வீழ்த்தினார்கள். சண்டை பல பத்தாண்டுகள் இழுத்தது. அதில் செத்த 2,000-க்கு மேற்பட்ட டச்சுத் தரப்புப் படைவீரர்களின் கல்லறைகளை இன்றும் அந்த ஊர்க்காரர்கள் ஒழுங்காகப் பராமரிக்கிறார்கள். நம் உதயகிரியில் டி லனாய் படுத்திருப்பதைப் போலத்தான். தமிழுக்கும் அங்கே இடம் உண்டு. ஆச்சேக்குத் தெற்கே அதே கரையில் பாரூஸ் என்னும் பழைய துறைமுகத்தில் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது, ஐந்நூற்றுவர் வணிகக் குழு வைத்தது. பண்டா ஆச்சே நகருக்குள்ளேயே நேயுசு என்கிற இடத்திலும் ஒரு தமிழ்க் கல்வெட்டு எடுத்தார்கள். நம் ஆட்கள் கற்பூரம் வாங்கப் போன வழி அது. பெருமைக்காகச் சொல்லவில்லை, வழி பழையது என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, ஊர் அதுதான் என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் என்ன செய்வது? இங்கேதான் பல ஊர்கள் கோட்டை விட்டிருக்கின்றன.

சென்னைக்கு 1966-லிருந்து ரஷ்யாவின் வோல்கோகிராடும், 1984-லிருந்து அமெரிக்காவின் டென்வரும் சகோதர நகரங்கள். டென்வரில் சென்னையின் பெயரில் ஒரு பூங்கா இருக்கிறது. சென்னையில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களில் பத்துப் பேரை நிறுத்தி டென்வர் நமக்கு என்ன உறவு என்று கேளுங்கள். அவர்கள் மேல் குற்றமில்லை, யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

அதே வோல்கோகிராடுக்கு இங்கிலாந்தில் ஒரு சகோதரி உண்டு, கவன்ட்ரி. (அப்படியானால் கவன்ட்ரி சென்னைக்கு என்ன முறை என்று என் மருமகன் கேட்டான். உறவுமுறை சொல்லிக் குழம்ப வேண்டாம் என்றேன்.) அந்தக் கதையை நிதானமாகச் சொல்ல வேண்டும். 1940 நவம்பரில் ஜெர்மன் விமானங்கள் கவன்ட்ரியைக் குண்டு போட்டு எரித்தன. இரண்டு வருஷம் கழித்து ஸ்டாலின்கிராடில் (வோல்கோகிராடுக்கு அன்று அதுதான் பெயர்) தெருத்தெருவாகச் சண்டை நடந்தபோது கவன்ட்ரிப் பெண்களுக்கு அது அந்நியச் செய்தியாகப் படவில்லை. ஒரு மேசை விரிப்பை எடுத்து அதில் 830 பெண்கள் தங்கள் பெயரை நூலால் தைத்தார்கள். ஆளுக்கு ஆறு பென்ஸ் சேர்த்து அனுப்பினார்கள். பெரிய அனுதாபத்தைவிடச் சின்ன உதவி மேல் என்கிற பொருளில் ஒரு வரியையும் அதில் தைத்திருந்தார்கள். 1944-ல்தான் இரண்டு ஊரும் முறைப்படி சேர்ந்தன. முதலில் விரிப்பு, அப்புறம் ஒப்பந்தம். அந்த விரிப்பு இப்போது வோல்கோகிராட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2022-ல் உக்ரைன் போரால் கவன்ட்ரி அந்த உறவை நிறுத்தி வைத்தது. ஆனாலும் எண்பது வருஷத்துக்கு முந்தைய அந்த நூலை யாரும் பிரித்து எடுக்கவில்லை.

இதற்கு எதிர்க்கதையும் உண்டு. சான்பிரான்சிஸ்கோவும் ஜப்பானின் ஒசாகாவும் 1957-லிருந்து சகோதரிகள். போர்க்காலத்தில் ஜப்பான் ராணுவம் கொடுமைப்படுத்திய பெண்களுக்குச் சான்பிரான்சிஸ்கோவில் சிலை வைத்தார்கள் என்று கோபித்து 2018-ல் ஒசாகா மேயர் உறவை முறித்தார். அறுபது வருஷ உறவு ஒரு கடிதத்தில் போனது. மேயரால் கட்டப்பட்டதை மேயரால் அவிழ்க்க முடியும். அதனால் மன்றத்துக்கு என் முதல் விண்ணப்பம்: நம் தீர்மானத்தில் உலக அரசியல் ஒரு வரிகூட வேண்டாம். மீன், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அலை. இவை நான்கும் போதும்.

மீன்பிடி ஊர்கள் இதில் நன்றாகவே பிழைக்கின்றன. ஜெர்மனியின் குக்ஸ்ஹாவன் துறைமுகத்தில் ஐஸ்லாந்து மீன் இறங்கும். ஐஸ்லாந்தில் இருக்கும் ஹாஃப்னார்ஃப்யோர்துர் ஊரோடு 1988-ல் உறவு வைத்தார்கள். கிறிஸ்துமஸுக்குக் குக்ஸ்ஹாவனிலிருந்து ஒரு மரம் கப்பலேறிப் போகும், அந்த ஊரில் அவ்வளவாக மரம் கிடையாது. யாவாரம் முதலில், உறவு பின்னால்.

பண்டா ஆச்சேக்கு ஏற்கெனவே இந்த அனுபவம் உண்டு என்பது நமக்குப் பெரிய வசதி. 2011 மார்ச் 11-ல் ஜப்பானில் சுனாமி வந்தபோது 1,100-க்கு மேற்பட்டவர்களை இழந்த ஹிகாஷிமட்சுஷிமா என்னும் சிறு கடலோர நகரம் பண்டா ஆச்சேயோடு கூட்டுச் சேர்ந்தது. பண்டா ஆச்சே நகராட்சி ஊழியர்கள் அங்கே போய்த் தங்கிப் பழகினார்கள். அந்த ஜப்பானிய ஊர் சுனாமிக் குப்பையை என்ன செய்தது தெரியுமா? வேலை இழந்த உள்ளூர்க்காரர்களையே கூலிக்கு வைத்து, கையால் ரகம் ரகமாகப் பிரித்து, மிகப் பெரும்பகுதியை மறுபடி பயன்படுத்திவிட்டது. மீன்பிடித் துறைமுகத்தில் ஒதுங்குகிற பழைய வலையையும் தெர்மாகோலையும் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும். ஒரு சுனாமி ஊர் இன்னொரு சுனாமி ஊருக்குப் பாடம் சொல்ல, அது மூன்றாவது ஊருக்கு வரட்டுமே.

நடைமுறைக்கு வருகிறேன். மன்றத் தீர்மானம் மட்டும் போதாது, மாநில அரசு வழியாக வெளியுறவு அமைச்சகம் வரை கோப்பு போக வேண்டும் என்பது ஆணையருக்குத் தெரியும். அது தன் வேகத்தில் நடக்கட்டும். ஒன்று நமக்குச் சாதகம். 2018-ல் இந்தியாவும் இந்தோனேசியாவும் அந்தமானுக்கும் ஆச்சேக்கும் இடையே போக்குவரத்தை வளர்ப்பதாகக் கூட்டாக அறிவித்திருக்கின்றன. சுமத்ராவில் மேடான் நகரில் நம் துணைத் தூதரகமும் இருக்கிறது. ஆக, டெல்லிக்கு இது விசித்திரமான விண்ணப்பமாகத் தோன்றாது.

கோப்பு நகர்கிற வரைக்கும் சும்மா இருக்க வேண்டியதில்லை. முதல் வருஷம் யாரும் விமானம் ஏற வேண்டாம். மன்ற உறுப்பினர்களும் சேர்த்துத்தான் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். முதல் வருஷம் கடிதம் மட்டும். இங்கே ஒரு பள்ளிக்கூடம், அங்கே ஒரு பள்ளிக்கூடம். அவர்கள் மொழியை ஆங்கில எழுத்தில்தான் எழுதுகிறார்கள், கைபேசியில் மொழிபெயர்த்துக்கொள்ளலாம். அபத்தமாகத்தான் வரும், பிள்ளைகள் சிரிப்பார்கள், அதுவும் நல்லதுதான். உன் பாட்டி அன்று எங்கே இருந்தாள் என்று ஒரு பிள்ளை கேட்க, பதில் எழுதுவதற்காகவாவது இந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் கேட்கும். எனக்கு வேண்டியது அந்த இரண்டாவது கேள்விதான்.

இரண்டாம் வருஷம் ஆள் போகலாம் என்றால், காலம் தயாராகவே இருக்கிறது. நம் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். படகுக்காரர்கள் வலை பின்னிக்கொண்டு சும்மா இருக்கிற நேரம். அதில் இரண்டு பேரை அனுப்பலாம். கூடவே தலையில் சுமந்து மீன் விற்கிற பெண்கள் இரண்டு பேர், ஒரு நர்ஸ், ஒரு ஆசிரியர். பெண்களை விட்டுவிட்டுப் போனால் இந்தக் காரியம் நடக்காது என்பது என் தபால்காரப் புத்தி. ஆண்கள் பேரில் கடிதம் வரும், பதில் எழுதுவது பெண்கள்தான். ஆச்சேயில் பிலிம்பிக்காயை உப்புப் போட்டு வெயிலில் காயவைத்து மீன்குழம்புக்குப் புளிப்பாகச் சேர்க்கிறார்கள். சூரையை வேகவைத்துக் கட்டை மாதிரி காயவைத்து மாதக்கணக்கில் வைத்துக்கொள்கிறார்கள், நம் மாசிக் கருவாட்டைப் போல. நம் சந்தைப் பெண்கள் அதை ஒருமுறை பார்த்தால் போதும், மற்றதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

எதிர்ப்பும் வரும். ஆச்சேயில் இஸ்லாமியச் சட்டம் நடக்கிறது, பொது இடத்தில் பிரம்படி கொடுக்கிறார்கள், அந்த ஊரோடு எப்படிச் சொந்தம் என்று கேட்பார்கள். எனக்கும் பிரம்படி பிடிக்காது. சம்பந்தம் செய்கிற வீட்டில் எல்லாமே பிடித்துத்தான் செய்கிறோமா? பள்ளிவாசலும் கோயிலும் காணிக்கை மாதா ஆலயமும் கூப்பிடுகிற தூரத்தில் இருக்கிற ஊர் நம்முடையது, இதைச் சமாளிக்கத் தெரியாதா? இன்னொன்று, நம் மாவட்டத்து மீனவர்கள் எல்லை தாண்டியதாக இந்தோனேசியாவில் பிடிபட்டது உண்டே என்பார்கள். உண்டு. அதனால்தான் வேண்டும் என்கிறேன். மொழி தெரியாத ஊரில் காவலில் இருக்கிறவனுக்குச் சட்ட உதவி தூதரகம் செய்யும். ஒரு நல்ல சாப்பாடும், வீட்டுக்கு ஒரு சேதியும் கொடுக்க அந்த ஊரில் தெரிந்த ஒரு வீடு வேண்டும். ஒக்கி புயல் அடித்த 2017 நவம்பர் கடைசியில் கடலில் போனவர்களைப் பற்றி எந்தக் கரையிலிருந்தாவது ஒரு வார்த்தை வராதா என்று தூத்தூர் பக்கத்துப் பெண்கள் காத்திருந்ததை நாம் பார்த்தவர்கள்.

அடுத்த மன்றக் கூட்டத்தின் பொருள் பட்டியலில் இதை ஒரு வரியாகச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். தீர்மானம் நிறைவேறினாலும் சரி, தள்ளிவைத்தாலும் சரி, பண்டா ஆச்சே நகராட்சிக்கு எழுத வேண்டிய முதல் கடிதத்தைத் தமிழில் எழுதி முடித்துவிட்டேன். ஒரு பக்கம்தான். படித்துப் பார்த்துத் திருத்தங்கள் சொல்லுங்கள். இந்தோனேசிய மொழி தெரிந்த யாராவது கப்பலில் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்திருந்தால் என்னிடம் அனுப்புங்கள், மொழிபெயர்க்க வேண்டும். தபால் செலவு என்னுடையது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரன்,
குளச்சல்